வளைவில் கை காட்டியவள்

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது என்று நாற்பத்தெட்டு வயது வரை சவடால் அடித்துக்கொண்டு திரிந்தவள் நான். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் யாராவது "அந்தப் பூட்டின வீட்டுல ஏதோ இருக்காம்" என்று ஆரம்பித்தால், "ஆமாம், பெருச்சாளி இருக்கு, கார்ப்பரேஷனுக்குப் போன் போடு" என்று வாயை அடைத்துவிடுவேன். வாய்க்கொழுப்பு. அதற்கெல்லாம் சேர்த்து ஒன்பது மாதம் அனுபவித்தேன்.

அப்போது நான் ஒப்பந்த வேலையில் இருந்தேன். பச்சைமலையில் வாழும் பழங்குடிக் குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் பேங்கில் போடும் உதவித்தொகை உண்டல்லவா, முதியோருக்கு, விதவைகளுக்கு, நடக்க முடியாதவர்களுக்கு என்று. அதை வாங்குகிறவர்கள் உயிரோடு இருக்கிறார்களா, அதே ஊரில் இருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பார்த்து வருவது என் வேலை. ஆபீஸில் சிலேட்டு மாதிரி ஒரு டேப் கொடுத்திருந்தார்கள். அதில் ஆளின் பெயர், படம், படத்துக்குக் கீழே மூன்று கட்டம். இருக்கிறார். இடம் மாறிவிட்டார். இறந்துவிட்டார். ஒரு கட்டத்தைத் தொட்டால் முடிந்தது. நான் தொடுவதை வைத்துத்தான் அடுத்த மாதப் பணம் வரும், அல்லது நிற்கும்.

விடியலில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் ஏறுவேன். அங்கே மாறி உப்பிலியபுரம். அங்கிருந்து ஆபீஸ் பேசி வைத்த ஜீப் மலைமேல் போகும். டிரைவர் என் வயதுக்காரர்தான், ஆனாலும் "அக்கா" என்பார். மேலே போகப் போகப் போனில் சிக்னல் செத்துவிடும். மேலே பதிவதெல்லாம் டேப்பிலேயே கிடந்து, இறங்கி அடிவாரம் வந்த பிறகுதான் ஆபீஸுக்குப் போகும்.

அது ஐப்பசி மழை. அன்றைய பட்டியலில் கடைசிப் பெயர், ஊர்க்கோடி வீட்டில் இருந்த ஒரு விதவை. வயது ஐம்பத்திரண்டு. படத்தில் அகலமான முகம், இடது புருவத்துக்கு மேலே பச்சை குத்திய மூன்று புள்ளி. நான் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டுதான் இருக்கும். ஆனாலும் மூட்டமாக இருந்ததில் எதிரே நிற்கும் ஆளின் முகம் தெரியவில்லை.

வாசலில் ஏழெட்டுப் பேர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூட "வாங்க" என்று சொல்லவில்லை. வந்தவரை வாங்க என்று கூப்பிடாத வீடு நம் ஊரில் ஒன்றுதான், அது இழவு வீடு. எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். ஒரு பெரியவர் மட்டும் நிமிர்ந்து, "யாரைப் பாக்கணும்?" என்றார். அந்த இடத்தில் பெயர் சொல்லக் கூச்சமாக இருந்தது. டேப்பைத் திருப்பிப் படத்தைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "உள்ள இருக்கு" என்று மோவாயால் காட்டினார்.

எட்டிப் பார்த்தேன். பாயில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு, நெற்றியில் காசு, மோவாயைச் சுற்றி உச்சியில் முடிச்சுப் போட்ட வெள்ளைத் துணி. அதே அகல முகம். இடது புருவத்துக்கு மேலே அதே மூன்று புள்ளி. உள்ளே வேறு யாரும் இல்லை, பின்வாசல் மட்டும் திறந்து கிடந்தது.

இழவு வீட்டில் நின்றுகொண்டு, "செத்தது இவங்கதானா, ஆதார் கார்டைக் காட்டுங்க" என்று கேட்க யாருக்கு வாய் வரும்? ஊர் வாயெல்லாம் அடைக்கிற எனக்கே வரவில்லை. உள்ளே பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். இழவு வீட்டில் போயிட்டு வரேன் என்று சொல்லக்கூடாது, அதனால் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்து ஜீப்பில் ஏறினேன். ஏறின கையோடு மூன்றாவது கட்டத்தைத் தொட்டேன்.

இறங்கும் வழியில் மூன்றாவது கொண்டை ஊசி வளைவு. அங்கே சாலைக்கு மேலே ஒரு மேடு, மேட்டில் பலாமரம். மூட்டம் ஒரு நொடி விலகியது. மரத்தடியில் ஒரு பெண் நின்றாள். தலை விரிந்து, நனைந்து, சொட்டச் சொட்டப் புடவை. அகல முகம். புருவத்துக்கு மேலே மூன்று புள்ளி. என்னைப் பார்த்து வலது கையைத் தூக்கினாள். வாய் ஏதோ சொன்னது.

கால் மணி நேரத்துக்கு முன்னால் நான் கும்பிட்டுவிட்டு வந்த அதே முகம்.

"நிறுத்தாதீங்க! நிறுத்தாதீங்க! போங்க!" என்று கத்தினேன். டிரைவர் பயந்துபோய் வளைவில் வண்டியை ஒடித்துத் திருப்பினார்.

"என்னக்கா, யாரு?"

"மரத்தடியில பாக்கலையா நீங்க?"

"யாருமே இல்லையேக்கா" என்றார் அவர். கண்ணாடியில் பார்த்தேன். மூட்டம் மூடிவிட்டது.

அடிவாரம் வரும்வரை ரங்கா, ரங்கா என்று முனகிக்கொண்டே வந்தேன். மடியில் டேப் இருந்தது. பதிவு இன்னும் போகவில்லை. விரலால் ஒருமுறை தொட்டால் மாற்றியிருக்கலாம். செத்தவள் என்று எழுதியவளை நேருக்கு நேர் பார்த்துவிட்டு வருகிறோமே, எழுதியது தப்போ என்று ஒரு எண்ணம், ஒரே ஒரு எண்ணம் எனக்கு வந்திருக்க வேண்டாமா? வரவில்லையே! பேயைப் பார்த்தேன் என்று நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது. என் கை தப்பாகத் தொட்டுவிட்டது என்று நம்பத்தான் முடியவில்லை. அடிவாரத்தில் சிக்னல் வந்தது. டேப் டிங் என்றது. பதிவு போய்விட்டது.

மறுநாள் காய்ச்சல். என் வீட்டுக்காரர் தென்னூரில் ஒரு மெடிக்கலில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவர். மாத்திரையோடு கேலியும் கொண்டுவந்தார். "உன்னைப் பாத்தா பேயே ஒதுங்கி நிக்கும். அதான் பாவம் மேட்டுல ஏறி நின்னிருக்கு" என்றார். எனக்கு வந்த கோபத்தில் தண்ணீர் டம்ளரைத் தரையில் வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

மூன்று வாரம் கழித்துப் போன் வர ஆரம்பித்தது. தெரியாத நம்பர். எப்போதும் சாயங்காலம் ஆறு மணி வாக்கில், நான் சாமி விளக்கு ஏற்றுகிற நேரத்தில். எடுத்தால் காற்று. காற்று என்றால் ஃபேன் காற்று மாதிரி இல்லை, பெரிய வெளியில் வீசுகிற காற்று. நடுவில் ஒரு பெண் குரல் விட்டு விட்டு வரும். முதல் நாள் ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் நாள் புரிந்தது.

"நான்... இருக்கேன்."

பிறகு காற்று. பிறகு மறுபடியும், "இருக்கேன்... நான்..."

போனைக் கட்டிலில் எறிந்தேன். அடுத்த முறை வந்தபோது வீட்டுக்காரரை எடுக்கச் சொன்னேன். அவர் ஸ்பீக்கரில் போட்டு, "ஹலோ, யாருங்க, எங்கேர்ந்து பேசுறீங்க?" என்று நாலு தரம் கேட்டார். எங்கோ ஒரு ஆடு கத்தியது. "இருக்கேன்" என்றது குரல். கட் ஆகிவிட்டது. அவர் கேலி செய்யவில்லை. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டையும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த நம்பரை பிளாக் செய்தேன். வேறு நம்பரில் இருந்து வந்தது. அதையும் செய்தேன். உறையூர் போய் அம்மன் கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டிக்கொண்டேன். மலைக்குப் போகும் வேலையை வேறொருவருக்குத் தள்ளிவிட்டு, ஆபீஸிலேயே கம்ப்யூட்டரில் மனு பதியும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வெயிலில் அலைய முடியவில்லை என்று காரணம் சொன்னேன். பயம் என்று சொன்னால் பத்துப் பேர் சிரிப்பார்களே.

தை அமாவாசை வந்தது. அம்மா மண்டபம் படித்துறையில் ஊரே தன் வீட்டு முன்னோர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தது. நானும் ஒரு சாஸ்திரிகள் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"யாருக்குப் பண்றேள்? என்ன உறவு?" என்றார்.

"உறவெல்லாம் இல்லைங்க. ஒருத்தங்க செத்துட்டாங்க. போகாம சுத்துறாங்க."

அவர் தர்ப்பையைப் பிரித்தார். "உறவில்லாதவாளுக்கும் பண்ணலாம், புண்ணியம்தான். பேர் சொல்லுங்கோ."

சொன்னேன். டேப்பில் படித்த பெயர், மறக்கவே மறக்காத பெயர். பச்சரிசிச் சோற்றை உருட்டி, எள் தூவி, அந்தப் பெயரைச் சொல்லி, காவிரியில் இடுப்பளவு இறங்கிக் கரைத்தேன். தாயே, வயிறு நிறைஞ்சு போய்ச் சேரு, என்னை விட்டுடு என்று வாய்விட்டே சொன்னேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. போன் வருவதும் அதோடு நின்றுபோனது. பார்த்தாயா, போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை. மக்கள் நேரில் வந்து மனு கொடுக்கும் நாள். திருச்சி ஆபீஸில் காலை பதினோரு மணிக்கு நல்ல வெயில், ஜே ஜே என்று கூட்டம். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, டோக்கன் கூப்பிட்டு, மனுவில் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு வரியில் பதிந்துகொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே, "அடுத்து யாரு, என்ன குறை சொல்லுங்க" என்றேன்.

"நான் இருக்கேன்னு எழுதணும்மா."

அதே குரல். காற்று மட்டும் இல்லை.

நிமிர்ந்தேன். அகல முகம், மூன்று புள்ளி. முன்னைவிட இளைத்துக் கன்னம் ஒட்டியிருந்தது. அப்போது நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. நாற்காலியைப் பின்னால் தள்ளி, மேஜைக்கு அடியில் குனிந்து, கால் தரையில் இருக்கிறதா என்று பார்த்தேன். வெடித்த குதிகால். ஒன்று நீலம், ஒன்று பச்சை என்று ஜோடி மாறின ரப்பர் செருப்பு. விரல் இடுக்கில் செம்மண்.

மேலிருந்து குரல் வந்தது. "தரையிலதாம்மா இருக்கு. நல்லா பாத்துக்குங்க."

குனிந்தபடியே அழுகை வந்துவிட்டது. பேய்க்கு மரியாதை கிடையாது என்று இதுவரை அவள், அவள் என்றே எழுதிவிட்டேன். மனுஷி என்று தெரிந்த இடத்திலிருந்து அவர் என்றுதான் எழுத வேண்டும்.

அவரை ஆபீஸ் வாசல் மரத்தடிக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். கேட்கக் கேட்கச் சொன்னார். அன்றைக்குப் பாயில் கிடந்தது அவருடைய அக்கா. ஒரு வயசு மூத்தவர், கல்யாணமே ஆகாதவர். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். சின்ன வயசில் சந்தையில் பச்சை குத்துகிற அம்மா இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ஒரே மாதிரி குத்திவிட்டாராம். அக்கா மரவள்ளிக் காட்டில் கூலிக்குப் போவார். தங்கைக்கு மூட்டு வலி, நாள் முழுக்கக் காட்டில் குனிந்து வேலை செய்ய முடியாது, அதனால் அவர் பங்குக்கு அந்த மாதப் பணம். அதில்தான் எண்ணெய், பருப்பு, மருந்து.

"அக்காவைக் குளிப்பாட்டத் தண்ணி எடுக்கப் பின்வாசல் வழியா சுனைக்குப் போயிருந்தேன். வண்டி வந்துட்டுப் போகுதுன்னு சத்தம் கேட்டுச்சு. பென்ஷன் வண்டின்னு தெரியும். குறுக்கு வழியில இறங்கி ஓடியாந்து மேட்டுல நின்னு கை காட்டினேன். நீங்க பாத்தீங்களே, கண்ணால பாத்தீங்க. ஆனா வண்டி நிக்கலை."

"பாத்தேன்" என்றேன்.

"அடுத்த மாசம் பணம் வரலை. கேட்டா, நான் செத்துட்டதா காட்டுதுங்கறாங்க. இதோ நிக்கிறேனேன்னா, கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருக்குங்கறாங்க. ரேஷன் கடைச் சுவத்துல உங்க நம்பர் ஒட்டியிருந்துச்சு. எங்க பக்கம் பாறை மேல ஏறினாத்தான் சிக்னல். அக்கம்பக்கத்துல போனை வாங்கிட்டு, ஆட்டை ஓட்டிட்டு வர்ற நேரத்துல ஏறி ஏறிப் பேசினேன். உங்களுக்குக் கேட்டுச்சோ என்னமோ. அப்புறம் ஆட்டை வித்தாச்சு. பாறைக்குப் போறதையும் விட்டுட்டேன்."

எப்போது விற்றீர்கள் என்று கேட்டேன். "தையில" என்றார்.

நான் காவிரியில் சோறு கரைத்த மாதம். இங்கே உயிரோடு இருக்கிறவருக்குக் கஞ்சியை நிறுத்திவிட்டு, அங்கே அவர் பெயரைச் சொல்லி மீனுக்குப் பிண்டம் போட்டிருக்கிறேன். பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அதை மட்டும் அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

அன்றைக்கு என்ன சொல்வது என்று தெரியாமல், நம் வீடுகளில் சொல்வதையே உளறினேன். "உயிரோட இருக்கவங்களைச் செத்துட்டதா சொன்னா ஆயுசு கூடும்னு சொல்லுவாங்கம்மா."

"எங்க பக்கமும் சொல்லுவாங்க" என்றார். "கூடின ஆயுசுக்கு யாரும்மா கஞ்சி ஊத்துறது?"

உள்ளே போய் மேலதிகாரியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார். "புதுசா ஒரு அப்ளிகேஷன் போட வச்சிடுங்க. ஆறு மாசத்துல வந்துடும். ஒருத்தருக்கும் தெரியாது. 'நான்தான் தப்பா பதிஞ்சேன்'னு எழுதிக் குடுத்தீங்கன்னா உடனே பணம் வர ஆரம்பிக்கும், ஆனா உங்க கான்ட்ராக்ட் அவ்வளவுதான். யோசிச்சுக்குங்க."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மரத்தடியில் அவர் டீ கிளாஸை நன்றாகக் கவிழ்த்து, கடைசிச் சொட்டையும் நாக்கில் விட்டுக்கொண்டிருந்தார். ஆறு மாதம் அவருக்குக் கிடையாது. ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, மேற்படி பயனாளி உயிருடன் இருக்கிறார் என்றும், விசாரிக்காமல் இறந்ததாகப் பதிந்தது நான்தான் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தியாகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எழுதாமல் வீட்டுக்குப் போய் ஆறு மணிக்கு விளக்கு ஏற்ற எனக்குத் தைரியம் இல்லை.

சொன்ன மாதிரியே அந்த மாதத்தோடு என் வேலை போனது. அடுத்த மாதம் அவருக்குப் பணம் வந்தது. நின்றுபோன ஒன்பது மாதப் பணத்துக்கும் ஒரு மனு எழுதிப் போட்டிருந்தேன். அதற்குப் பதில் வந்தபோது, போனில் சொல்ல மனம் வராமல் நானே பஸ் ஏறி மலைக்குப் போனேன். ஜீப் இல்லை. வளைவு வளைவாக மினி பஸ்ஸில்.

அவர் அடுப்படியில் இருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்கம்மா, உக்காருங்க" என்றார். மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து உப்புப் போட்டு இலையில் வைத்தார். இரண்டு பேருக்கும் ஒரே இலை. பாதி சாப்பிட்ட பிறகுதான் சொன்னேன்.

"பழைய பணம் வராதுன்னுட்டாங்கம்மா. இனிமே மாசாமாசம் வரும். ஆனா அந்த ஒன்பது மாசத்துக்குக் கிடையாதாம்."

"ஏன்?"

"அந்த ஒன்பது மாசம் நீங்க உயிரோட இல்லைன்னுதான் ரெக்கார்டுல இருக்காம். திரும்ப உயிரோட வந்த தேதியிலேர்ந்துதான் குடுக்க முடியுமாம். பின்னாடி போய் மாத்த வழியில்லையாம்."

அவர் கிழங்கைக் கையில் வைத்தபடி இருந்தார். கத்துவார், என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுப்பைப் பார்த்தார். பின்வாசலைப் பார்த்தார். பிறகு, வீட்டில் வேறு யாரோ கேட்டுவிடுவார்கள் என்பது போலக் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்.

"கவர்மெண்டே தேதி போட்டுச் சொல்லுதே. அப்ப அந்த ஒன்பது மாசம் தினமும் இந்த அடுப்பை மூட்டினது யாரும்மா?"

கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரிக்கப் போனேன். முகத்தைப் பார்த்தேன். அவர் பயந்து போயிருந்தார்.